கழற்றிவைத்த ஸ்டெப்னி

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறியபோது, என் அண்ணன் தன் ஜீப்பிலிருந்து ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டுக் கொல்லையில் சாய்த்து வைத்தான். அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினான். அண்ணி அதைப் பார்த்ததும், எதற்காக இப்படி என்று கேட்டாள். எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சமாகும், அந்த எடைக்கு இன்னொரு ஐஸ் பெட்டியும் ஏற்றலாம் என்றான். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் அப்போது செங்கல்பட்டில் இருந்தோம். அப்பா போன பிறகு குடும்பம் அண்ணன் கையில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் இறால் வாங்கி, மதராஸில் ஒரு ஏற்றுமதிக்காரரின் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். வெளிநாட்டுக்காரர்கள் இறாலுக்கு அலைகிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். குப்பங்களுக்குத் தார் ரோடு கிடையாது. மணல் தடம்தான். அதில் லாரி போகாது, மாட்டு வண்டி போய்ச் சேருவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அதற்காகத்தான் ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தான்.

அந்தக் குப்பங்களில் ஒன்றில் நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. காலையில் ஐஸ் பெட்டிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போவான். பள்ளி விட்டதும் இறால் பெட்டிகளோடு திரும்பக் கூட்டிவருவான். என் சேலையில் எப்போதும் மீன்வாடை இருக்கும். எனக்கு அது பழகிப் போயிருந்தது.

ஸ்டெப்னி முதலில் போகவில்லை. கடைசியில்தான் போனது. பெட்ரோல் விலை ஏறிய மாதத்திலிருந்தே அண்ணன் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தான். கித்தான் கூரையையும் அதைத் தாங்கிய இரும்புக் கம்பிகளையும் எடுத்தான். பின்னால் இருந்த பெஞ்சு சீட்டை எடுத்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி வரும் இறக்கங்களில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விடுவான். அப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடும். எதிரே வருகிற மாடுகள் கடைசி நொடியில்தான் மிரண்டு ஒதுங்கும். டயரில் காற்று கெட்டியாக இருந்தால் வண்டி லேசாக ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மணலில் போகிற வண்டிக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டும் என்பது அவனுக்கே தெரியும். இருந்தாலும் தார் ரோட்டில் மிச்சமாவதை நினைத்து, கல் போல அடைத்து வைப்பான். மணல் தடத்தில் ஏறினால் வண்டி உடம்பை உலுக்கும். பற்கள் ஒன்றோடொன்று மோதும்.

அந்த ஜீப்பில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. தினமும் சாயங்காலம் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பான். ஸ்டெப்னியைக் கழற்றிய பிறகு குச்சியை என்னிடம் காட்டி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டான். தெரிகிறது என்றேன். உண்மையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அன்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நீண்ட நாளாக எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுபறியாக இருந்தவனுக்கு, தன் கையால் ஒன்றைச் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதி.

ஜாக்கியும் ஸ்டெப்னியோடு கொல்லைக்குப் போனது. மாற்ற டயர் இல்லாத வண்டிக்கு ஜாக்கி எதற்கு என்றான். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

குப்பத்தில் அண்ணனுக்கு இறால் கொடுப்பவர்கள் பல பேர். அவர்களில் ஒருவரோடு மட்டும் வியாபாரத்தைத் தாண்டிய நெருக்கம். அண்ணனைவிடச் சில வயது மூத்தவர். அகலமான தோள்கள், உப்பு பூத்த புருவங்கள். அதிகம் பேசமாட்டார். அண்ணனும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் அவர் மனைவிக்கு என் அண்ணன் அண்ணாத்த ஆகிவிட்டான். அந்த அம்மாளுக்கு வாய் அதிகம். பள்ளி இடைவேளையில் நான் சாப்பிடுவது அவர்கள் வீட்டில்தான். ஜீப்பின் பக்கவாட்டில் ஸ்டெப்னி இருந்த இடத்தில் வெறும் போல்ட்டுகள் துருத்திக்கொண்டிருப்பதை முதல் நாளே கவனித்தது அவள்தான்.

“இன்னா அண்ணாத்த, வண்டிக்கு ஒரு காது அறுந்தாப்பல கீது” என்றாள்.

அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஜீப் வரும்போதெல்லாம் அந்த வெற்றிடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி போயின. ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. அண்ணனுக்கு அது தான் எடுத்த முடிவுக்குக் கிடைத்த சாட்சியாகப் பட்டது. எனக்கு நேர்மாறாக இருந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தரமாவது வேலிக்காத்தான் முள் ஏறி டயர் இறங்கும். இப்போது இறங்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டயர்கள் நாளுக்கு நாள் வழுக்கையாகிக்கொண்டு வந்தன. புது டயர் சுலபத்தில் கிடைக்காத காலம். ஓடுகிறவரை ஓடட்டும் என்றிருந்தான். மணல் தடத்தில் போகும்போது நான் பேச்சை நிறுத்திவிட்டு டயர்களின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் ஒரு நாள், வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு இருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். அதற்கு முந்தைய வாரமே நல்ல மழை. மேற்கே ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து கலங்கல் போகத் தொடங்கியிருந்தன. அண்ணி, இன்று போக வேண்டாம் என்றாள். இன்று போகாவிட்டால் புயல் முடிகிறவரை போகமுடியாது என்று அண்ணன் சொன்னான். நானும் ஏறிக்கொண்டேன். பள்ளிச் சாவி என்னிடம் இருந்தது. புயல் என்றால் குப்பத்து ஜனங்களுக்கு இருந்த ஒரே ஓட்டுக் கட்டடம் அந்தப் பள்ளிதான்.

கடற்கரையில் காற்றே இல்லை. சவுக்கு மரங்கள் அசையாமல் நின்றன. எப்போதும் ஒரு மூச்சு போல இரைந்துகொண்டே இருக்கும் சவுக்குத் தோப்பு அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது. கடல் பழுப்பு நிறத்தில் இருந்தது. அலைகள் உயரமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு அலையும் வழக்கத்தைவிட அதிக தூரம் மேலே ஏறி, திரும்பிப் போக நேரம் எடுத்துக்கொண்டது. கட்டுமரங்களை ஆண்கள் மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

விடியற்காலையில் போனவர்களுக்கு இறால் குவியல் குவியலாகக் கிடைத்திருந்தது. கலங்கிய தண்ணீரில் அப்படித்தான் வரும் என்றார்கள். இவ்வளவு இறாலை ஒரே நாளில் நான் பார்த்ததில்லை. ஆனால் யார் முகத்திலும் சந்தோஷமில்லை. பெண்கள் வழக்கம்போல் சத்தம் போட்டு விலை பேசவில்லை. குனிந்த தலையோடு பொறுக்கிக் கூடையில் போட்டார்கள். அண்ணன் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தான். பெட்டிகள் நிறைந்த பிறகும் மீதி இறாலைக் கோணிகளில் ஐஸோடு போட்டுக் கட்டி, ஸ்டெப்னி இருந்த பக்கத்தில் கயிற்றால் தொங்கவிட்டான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

வந்திருந்த கொஞ்சப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். பள்ளிச் சாவியை அந்த மச்சானின் மனைவியிடம் கொடுத்தேன். தூறல் ஆரம்பித்தது. புறப்பட்டோம்.

குப்பம் கண்ணுக்கு மறைந்ததும் தடம் சவுக்குத் தோப்புக்குள் நுழையும். அங்கே வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மணலுக்குள் மறைந்திருக்கும். அண்ணன் அவற்றை அறிவான். வளைத்து வளைத்து ஓட்டுவான். அன்று பாரம் அதிகம். ஒரு வளைவில் வண்டி சறுக்கி ஓரமாகப் போனது. வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். என் பக்கத்துப் பின்சக்கரம் இறங்கியது. கோணிகள் மணலைத் தொட்டன.

அண்ணன் இறங்கிப் பார்த்தான். டயரில் ஒரு கூரான கட்டை செருகியிருந்தது. அவன் திட்டவில்லை. கையால் அந்தக் கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிறகு தன்னையறியாமல் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் குப்பத்துக்குத் திரும்பி நடந்து, அண்ணனின் மச்சான் வீட்டில் சொன்னேன். அவர் இன்னும் சில ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கட்டுமரத்தின் தடியை அச்சுக்கு அடியில் கொடுத்து நெம்பித் தூக்கினார்கள். ஜாக்கி வேலையைத் தடி செய்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள். இனி அதைப் பஞ்சர் ஒட்ட வேண்டும்.

அங்கிருந்து மாமல்லபுரம் தூரம். மணலில் அவ்வளவு தொலைவு இரும்புச் சக்கரத்தை உருட்ட முடியாது. மேற்கே உப்பங்கழியைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம் போகும் ரோடு பக்கம். அந்த ரோட்டில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கோடையில் கழியில் முழங்கால் தண்ணீர்தான். மழைக் காலத்தில் கட்டுமரத்தில் போவார்கள். கழியோரத்தில் போட்டிருந்த தன் கட்டுமரத்தை இறக்கலாம் என்று அவர் சொன்னார்.

அதற்குள் அவர் மனைவியும் வந்துவிட்டாள். “போவாத. மேக்க ஏரியெல்லாம் கோடி போவுது. கழில தண்ணி ஏறிக்கினு கீது” என்றாள்.

போய்விட்டு உடனே வந்துவிடுவதாக அவர் சொன்னார். இறால் கெட்டுப்போனால் கிடங்கில் பணம் கிடைக்காது, குப்பத்துக்கே நஷ்டம் என்று அண்ணன் சொன்னான். அது உண்மைதான். அண்ணன் இருந்துகொள்ளட்டும், தான் மட்டும் போய்வருவதாக அவர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. டியூப் கிழிந்திருந்தால் வேறு டியூப் வாங்க வேண்டும், கடைக்காரனைத் தனக்குத்தான் தெரியும் என்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அதை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

இருவரும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தோப்பு வழியாக மேற்கே போனார்கள். சக்கரம் மணலில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. ஒருவர் தூக்கி நிறுத்த, மற்றவர் தள்ள, அப்படியே போனார்கள். மரங்களுக்கிடையில் அவர்கள் முதுகுகள் சிறிதாகிக்கொண்டே போனதை நானும் அவளும் பார்த்துக்கொண்டு நின்றோம். தூறல் வலுத்தது.

அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். அடுப்பைப் பற்றவைத்தாள். பற்றவில்லை. மறுபடி பற்றவைத்தாள். காற்று அப்போதுதான் தொடங்கியது. முதலில் கூரைக் கீற்றுகளை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. பிறகு வெகுநேரம் சும்மா இருந்தது. மறுபடி தூக்கியது. வாசற்படி தாண்டி நண்டுகள் உள்ளே வந்தன. சின்னச் சின்ன மணல் நண்டுகள், சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக. அவள் துடைப்பத்தால் அவற்றை வெளியே தள்ளினாள். தள்ளத் தள்ள வந்தன. பிறகு தள்ளுவதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

பேச்சு கொடுக்க நினைத்து, அவர் எத்தனையோ புயல் பார்த்தவர்தானே என்றேன்.

“கடல்னா நான் பயப்பட மாட்டேன், டீச்சரம்மா. கடல் அவருக்குத் தெரியும். கழி வேற. மேக்கருந்து வர்ற தண்ணிக்கு இன்னா குணம்னு யாருக்குத் தெரியும்” என்றாள்.

பொழுது இறங்குவதற்கு முன்பே இருட்டியதுபோல ஆகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பாய், அரிசிப் பானை, கோழி என்று கையில் கிடைத்ததோடு ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். நான் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி இடம் ஒதுக்கினேன். அவள் உள்ளே வரவில்லை. பள்ளி வாசலில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மேற்கே பார்த்து நின்றாள்.

அண்ணன் தெரிந்தான். தோப்பின் ஓரத்திலிருந்து, சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். தனியாக வந்தான். சட்டை இல்லை. நெற்றியில் ரத்தம் மழையில் கரைந்து வழிந்தது. சக்கரம் இப்போது சாயவில்லை. நன்றாகக் காற்றடைத்து, நேராக, துள்ளித் துள்ளி உருண்டு வந்தது.

அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அண்ணாத்த, அவரு எங்க?” என்றாள்.

அண்ணன் சக்கரத்தை விட்டுவிட்டான். அது கொஞ்ச தூரம் தானாக உருண்டு, ஒரு வட்டம் போட்டுக் கீழே விழுந்தது. அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. வந்த வார்த்தைகளை நாங்கள் ஒட்டவைத்துப் புரிந்துகொண்டோம்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. பஞ்சர் ஒட்டி, காற்றடைத்துத் திரும்பி வருகையில் கழியில் தண்ணீர் இரண்டு பங்காகியிருந்தது. கடைக்காரர் போக வேண்டாம் என்றிருக்கிறார். வண்டியும் நானும் அக்கரையில் இருப்பதைச் சொல்லிப் புறப்பட்டிருக்கிறார்கள். நடுவில், மேற்கிலிருந்து வேரோடு வந்த ஒரு மரம் கட்டுமரத்தில் மோதியது. கட்டு அவிழ்ந்து தடிகள் பிரிந்துவிட்டன. அண்ணன் தண்ணீருக்குள் போனான். மேலே வந்தபோது சக்கரம் அவன் கைக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதை அணைத்துப் பிடித்துக்கொண்டான். அவர் நீந்தி வந்து சக்கரத்தைப் பின்னாலிருந்து தள்ளினார், கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கால் மணலைத் தொட்டதும் அண்ணன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. மச்சான், மச்சான் என்று கரையோரமாக ஓடிக்கொண்டே கத்தினான். பதில் வரவில்லை. தண்ணீர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

ஆண்கள் கயிறுகளை எடுத்துக்கொண்டு, கழி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு ஓடினார்கள். அண்ணனும் எழுந்து கூடப் போகப் பார்த்தான், கொஞ்ச தூரத்தில் விழுந்துவிட்டான். அவள் அழவில்லை, அவனைத் திட்டவுமில்லை. பள்ளிக்குள் வந்து கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். யாரோ நல்ல எண்ணத்தில் அந்தச் சக்கரத்தைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து சுவரோரம் வைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள்.

“அத வெளிய போடு” என்றாள்.

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். முகத்துவாரத்தில் நிற்கவே முடியவில்லை என்றார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பாரி தொடங்க இருந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். விடியட்டும் என்றாள். அன்றிரவைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. ஓடுகள் பறந்தன. பிள்ளைகள் அழுதார்கள். அண்ணன் வாசல் ஓரத்தில் மழை படும் இடத்திலேயே இருந்தான். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

விடிந்தபோது புயல் வடக்கே போயிருந்தது. பாதிக் குப்பத்தில் கூரை இல்லை. ஜீப் அச்சு வரை மணலில் புதைந்து நின்றது. இறால் பெட்டிகளிலிருந்து சிவப்பாக ஒரு நீர் வழிந்துகொண்டிருந்தது. நாற்றம் அதற்குள் தொடங்கிவிட்டது. ஆண்கள் கரையோரமாகத் தெற்கே தேடிப் போனார்கள். அவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உச்சிப் பொழுதுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். நடுவில் ஒருவரைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உதடுகள் வெடித்து, கண்கள் வீங்கி, வலது கை உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முகத்துவாரம் வழியாகக் கடலுக்கே போய், கட்டுமரத்தின் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு கிடந்து, சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் கரை ஒதுங்கியிருக்கிறார். அங்கிருந்த குப்பத்து ஜனங்கள் கண்டெடுத்துக் கஞ்சி கொடுத்து வைத்திருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். கிட்டே போனாள். அவர் முகத்தைத் தொடவில்லை. கட்டியிருந்த கையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அந்த அழுகை நிற்க வெகுநேரமாயிற்று. அண்ணன் கிட்டே வரப் பயந்து தூரத்தில் நின்றான். அவர் இடது கையால் அவனைக் கூப்பிட்டார்.

இறாலை மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். ஜீப்பை வெளியே எடுக்க ஊரே கை கொடுத்தது. வீட்டுக்கு வந்த அன்றே அண்ணன் ஸ்டெப்னியை மாட்டினான். ஜாக்கியையும் எடுத்து வைத்தான். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கங்களில் எஞ்சினை அணைப்பதையும் விட்டுவிட்டான். மூங்கில் குச்சி என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவருடைய தோள் சரியாகவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அண்ணன் சேர்த்துப் பார்த்தான். கை தலைக்கு மேலே எழும்பவில்லை. துடுப்புப் போட முடியாது, வலை இழுக்க முடியாது. அண்ணன் அவரைக் கரையில் இறால் வாங்கிப் பெட்டி கட்டும் பொறுப்பில் வைத்துக்கொண்டான். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் மனைவி எங்கள் ஜீப்பில் ஒரு நாளும் ஏறவில்லை. மீன் கூடையோடு செங்கல்பட்டுக்கு வருவாள், எங்கள் வீட்டில் சாப்பிடுவாள், அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவாள். திரும்பும்போது அண்ணன் வண்டியை எடுத்தால், பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடப்பாள். தன் புருஷனையும் ஏறவிடவில்லை.

அண்ணனும் அவரும் அந்த நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. முன்பு போல மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரலை இறக்கிச் சொல்வான். சத்தமாகக் கூப்பிட வேண்டிய இடத்தில்கூட எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று சொல்வான்.

சில வருஷங்கள் கழித்து எனக்கு மதுராந்தகத்துக்கு மாற்றல் வந்தது. குப்பத்தில் கடைசி நாள். அவர் கரையில் உட்கார்ந்து பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார். நான் விடைபெறப் போனேன். எப்படியோ பேச்சு அந்த நாளுக்குப் போய்விட்டது. அண்ணன் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டுவிட்டேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“கேட்டுது” என்றார். “நல்லா கேட்டுது. கிட்டதான் இருந்தேன், அந்த மரத்து வேர்ல கை மாட்டிக்கினு. மழைல அவன் கண்ணுக்குத் தெரியல. நான் குரல் குடுத்தா அவன் திரும்ப தண்ணில எறங்கிருவான். அதான் வாய மூடிக்கினு இருந்தேன்.”

அவனிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதுபோலக் இடது கையை விரித்தார். மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதை அவனிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

“மச்சானுக்குக் கேட்டுதா?” என்றான்.

ஆமாம் என்றேன். இத்தனை வருஷமும் தான் கத்தியது யார் காதிலும் விழவில்லை என்று அவன் நினைத்திருந்தான் போலிருக்கிறது. அல்லது கேட்கிற நிலையில் அவர் இல்லை என்று. அவன் முகத்தில் தெரிந்தது ஆறுதல் இல்லை. ஏதோ புதிதாக ஒரு பாரத்தை ஏற்றிவிட்டதுபோல இருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. கை கழுவிவிட்டு வந்து சட்டையை மாட்டினான். எங்கே போகிறீர்கள் என்று அண்ணி கேட்டாள். ஜீப்பை எடுத்துக்கொண்டு, குப்பத்துக்குப் போகிற திருக்கழுக்குன்றம் ரோட்டில் போனான். மறுநாள் காலையில்தான் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. டீ கேட்டான். அண்ணி கொடுத்தாள்.

அடுத்த வாரம் நான் மதுராந்தகத்தில் வேலையில் சேர்ந்தேன். பெரிய ஏரிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர்கள், மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் போவதைப் பார்க்க ஊரே கரையில் கூடும் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த வருஷம் ஏரி நிரம்பியது. எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சாத்திய ஜன்னலைத் தாண்டியும் தண்ணீர் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.